சாமிப் படத்தை ஆராய்வது எப்படி: அச்சுத்தாள் முதல் ரீல்ஸ் வரை

1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை, தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் இராமாயணத் தொடர் தொடங்கியது. 1988 ஜூலை 31 வரை ஓடியது. குளித்துவிட்டு வந்து, டி.வி. பெட்டியைத் துடைத்து, அதற்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிவைத்துப் பார்த்தவர்களைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் நிறைய எழுதின. தொடரை ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் வசனம், உடை, கதையில் செய்த மாற்றம் என்று திரைக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். மாலை கிடந்தது திரைக்கு வெளியே. மதமும் ஊடகமும் எங்கே ஒட்டுகின்றன என்று கேட்டால், அந்த மாலை இருக்கும் இடத்தில்தான்.

மாணவர்கள், பத்திரிகையாளர்கள், ஆர்வத்தால் ஆராய்கிறவர்கள் யாராக இருந்தாலும், ஒரு வாரத்தில் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைமுறை இது.

சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள்

"சினிமாவில் மதம்" என்பது தலைப்பே அல்ல, கடல். ஒரு வாரத்துக்குத் தாங்கும் அளவு இவ்வளவுதான்: 3 நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு காட்சி. இல்லாவிட்டால் ஒரே ஒரு அச்சுப்படம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு பாட்டின் ஒலித்துண்டும், அதைப் பின்னணியில் வைத்துப் போட்ட 30 ரீல்ஸும். இதோடு அதைப் பார்த்தவர்கள் 5 பேரின் பேட்டியும் 200 கமெண்ட்டும் போதும். முதல்முறை செய்கிறவர்கள் 10 காட்சிகளை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, முன்பே தெரிந்ததையே எழுதி முடிப்பதுண்டு.

தேர்ந்தெடுத்த அன்றே சேமித்துவிடுங்கள். இணைப்பை மட்டும் குறித்துவைத்தால் போதாது. மத விஷயங்கள் புகார் வந்து மறைந்துபோகும், அல்லது போட்டவரே எடுத்துவிடுவார். கோப்பு, பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சேமித்த தேதி, நேரம், அந்த நேரத்துப் பார்வை எண்ணிக்கை ஆகிய ஐந்தும் வேண்டும். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

எந்தத் திசையில் ஓடுகிறது?

புரூஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த உறவை நான்காகப் பிரித்தார். வெகுசனப் பண்பாட்டுக்குள் மதம் வருவது ஒன்று: படத்தில் வரும் கோயில் காட்சி. மதத்துக்குள் வெகுசனப் பண்பாடு வருவது இரண்டாவது: சினிமா மெட்டில் பக்திப் பாட்டு. வெகுசனப் பண்பாடே மதமாகிவிடுவது மூன்றாவது. இரண்டும் எதிரெதிரே நின்று வாதாடுவது நான்காவது: ஒரு படத்தைத் தடைசெய்யச் சொல்லி எழும் போராட்டம். உங்கள் பொருள் எந்தத் திசை என்று முதல் நாளே பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், வாரக் கடைசியில் மாறியிருக்கும். ஒரே பாட்டு படத்தில் முதல் வகையாகவும், திருவிழா ஒலிபெருக்கியில் இரண்டாம் வகையாகவும் இருக்கும்.

மூன்றாவது வகையில்தான் சறுக்குகிறவர்கள் அதிகம். ரசிகர்கள் ஆர்ப்பரித்தால் உடனே "இது ஒரு மதம்" என்று எழுதிவிடுகிறோம். உவமையாகச் சொல்கிறீர்களா, நிஜமாகவே சொல்கிறீர்களா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். வருடத்தில் அதற்கென்று நாள் உண்டா? செய்யக்கூடாதது என்று ஏதாவது உண்டா? கஷ்டம் வந்தால் அங்கே போய் முறையிடுகிறார்களா? பிள்ளைகளுக்குக் கைமாறுகிறதா? அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் 1998-இல் கால்பந்து வீரர் மரடோனாவின் பெயரில் ஒரு 'திருச்சபை' தொடங்கினார்கள். அவர் பிறந்த அக்டோபர் 30-ஐத் திருநாளாக்கி, அவர் பிறந்த 1960-இலிருந்து ஆண்டுக் கணக்கு வைத்தார்கள். மகனுக்கு தியேகோ என்று பெயர் வைக்கச் சொல்லும் கட்டளையும் உண்டு. விளையாட்டுத்தனம் கலந்ததுதான். ஆனாலும் முதல் கேள்வியிலும் நான்காவதிலும் தேறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,90,127 பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதினார்கள். அது 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் வீரர் கூட்டம். அப்படி எழுதச் சொல்லி மின்னஞ்சலில் ஓர் அழைப்பு பரவியிருந்தது. புள்ளிவிவரத் துறை அவர்களை 'மதம் இல்லை' என்ற பிரிவில் சேர்த்தது. 2011-இல் அந்த எண்ணிக்கை 1,76,632. மூன்று லட்சத்து தொண்ணூறாயிரம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புதிய மதம் பிறந்ததாக எழுதியவர், அந்த மின்னஞ்சலை விட்டுவிட்டார்.

மூன்று முறை பாருங்கள், மூன்று விதமாக

முதல்முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை திரையை மூடிவிட்டு, ஹெட்போனில் கேட்க மட்டும் செய்யுங்கள். மூன்றாம் முறை இரண்டும் சேர்த்து. வரிசையை மாற்றக் கூடாது. பக்திக் காட்சிகளில் இசைதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும். அதை முதலிலேயே கேட்டுவிட்டால் கேமரா செய்வது கண்ணில் படாது.

பிறகு எக்செல் தாளிலோ நோட்டிலோ ஐந்து பத்திகள் போடுங்கள்: நேரம், ஷாட்டின் அளவு, கேமரா இருக்கும் இடம், யார் யாரைப் பார்க்கிறார், ஒலி. 3 நிமிடக் காட்சியில் சாதாரணமாக 30 முதல் 60 ஷாட் வரும். எல்லாவற்றையும் எழுத இரண்டு மணி நேரமாவது ஆகும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

பழைய பக்திப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு வகைக் காட்சியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். சன்னதி முன் ஒரு பெண் அழுதுகொண்டே பாடுகிறாள். பட்டியல் இப்படிப் போகும்:

0:00–0:14. தூரத்து ஷாட். கேமரா பெண்ணின் முதுகுக்குப் பின்னால். அவள் சிலையைப் பார்க்கிறாள். பாட்டு.
0:14–0:22. பெண்ணின் முகம், குளோசப். பாட்டு நின்று மூச்சு மட்டும்.
0:22–0:25. சிலையின் கண்கள் மட்டும். மணிச் சத்தம். மணியை யாரும் அடிக்கவில்லை.
0:25–0:31. மேலிருந்து கீழே. பெண் சின்னதாகத் தெரிகிறாள். மணி தொடர்கிறது.

நான்காவது வரியில் நில்லுங்கள். கேமரா இப்போது எங்கே இருக்கிறது? சிலை இருக்கும் இடத்தில். முதல் ஷாட்டில் பக்தையோடு நின்று சாமியைப் பார்த்த நாம், 25 விநாடியில் சாமியின் இடத்திலிருந்து பக்தையைப் பார்க்கிறோம். தரிசனம் என்பதே நாம் பார்ப்பதும் நம்மைப் பார்ப்பதும் சேர்ந்ததுதானே. அந்த இரண்டாவது பாதியை சினிமா ஒரே வெட்டில் செய்துவிடுகிறது. வசனத்தை மட்டும் எழுதிக்கொண்டவருக்கு இது கிடைத்திருக்காது, ஏனென்றால் அங்கே வசனமே இல்லை.

இதே உத்தியை வேறொரு மரபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நபிகள் நாயகத்தின் காலத்தைப் பற்றி 1976-இல் முஸ்தஃபா அக்காத் எடுத்த படத்தில் நபிகளின் உருவமும் வராது, குரலும் வராது. எதிரே நிற்பவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அங்கேயும் கேமரா புனிதமானவரின் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காரணம் நேர் எதிர்: இங்கே பார்வை கிடைக்கவேண்டும் என்பதற்காக, அங்கே உருவம் தெரியக்கூடாது என்பதற்காக. 1959-இல் வந்த 'பென்ஹர்' படத்திலும் இயேசுவின் முகத்தைக் காட்டவில்லை, அவரைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் காட்டினார்கள். "கேமரா எங்கே?" என்ற ஒரு பத்திக்காகவே இந்தப் பட்டியலைப் போடலாம்.

அசையாத படமென்றால் வேலை குறைவு. கண்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, கையில் என்ன இருக்கிறது, பின்னால் என்ன நிலக்காட்சி, விளிம்பில் யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறது என்று குறியுங்கள். கைபேசியில் வரும் படங்களில் கைகளையும் ஆயுதங்களையும் எண்ணிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது அங்கேதான். விரல் கூடும், ஒரு கையில் இருக்கவேண்டியது இன்னொரு கையில் இருக்கும், வாகனத்துக்கு ஒரு கால் குறையும். படம் மங்கிக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சேமித்துச் சேமித்து மறுபடி அனுப்பும்போது படம் ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்டுத் தரம் இறங்கும். தெளிவில்லாத படம் பல கை மாறி வந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு தடயம்.

ஊடகம் என்ன செய்ய விடுகிறது?

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கூட்டன்பெர்க்கின் காலத்தில் வந்த முதல் அச்சு வேலைகளில் ஒன்று 1454-ஆம் ஆண்டுத் தேதியிட்ட பாவமன்னிப்புச் சீட்டு. வாங்குகிறவரின் பெயரையும் நாளையும் எழுத இடம் விட்டு அச்சடித்த படிவம் அது. மதத்துக்கு அச்சு வேதத்தை மட்டும் தரவில்லை, படிவத்தையும் தந்தது.

ரவி வர்மா 1894-இல் தொடங்கிய கல்லச்சுக்கூடம் இன்னொரு திருப்பம். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு கல் வேண்டும். ஒரு படத்துக்கான கற்கள் ஒருமுறை தயாராகிவிட்டால் பிறகு ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். ஒரே முகம் ஊர் ஊராகப் போனது அப்படித்தான். அந்த அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு மௌனப் படத்தைப் பார்க்கும்போது, கண்ணனும் இராமனும் இப்படித் திரையில் வந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியதாக அவரே பின்னாளில் எழுதினார். 1913-இல் அவர் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' படம் வந்தது. கல்லச்சிலிருந்து திரைக்கு, ஒரு மதத்தின் படத்திலிருந்து இன்னொன்றின் படத்துக்கு என்று ஒரே மனிதரின் வழியாக எல்லாம் கடந்துபோயிருக்கிறது. "இந்த உருவம் இதற்கு முன்னால் எந்த ஊடகத்தில் இருந்தது?" என்று உங்கள் பொருளிடமும் கேளுங்கள். குறைந்தது இரண்டு படி பின்னால் போங்கள்.

வானொலி கண்ணைப் பிடுங்கிக்கொண்டு காதை மட்டும் தந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1921 ஜனவரி 2 அன்று ஒரு தேவாலய வழிபாடு வானொலியில் போனது. வழிபாட்டுக்கு உறுத்தலாக இருக்கக்கூடாதென்று ஒலிபரப்புப் பணியாளர்கள் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுக்கொண்டார்கள் என்பார்கள். கேசட் வந்ததும் இன்னொரு கதவு திறந்தது: இரண்டு டெக் இருந்தால் வீட்டிலேயே நகல் எடுக்கலாம், தணிக்கை செய்ய நிலையமே கிடையாது. 1979 ஈரான் புரட்சிக்கு முன், நாடுகடத்தப்பட்டிருந்த மதத்தலைவர் கொமெய்னியின் உரைகள் நாட்டுக்குள் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1958-இல் தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலரையே அறிவித்தது, அசிசி நகரத்துப் புனித கிளாரா. நோயால் திருப்பலிக்குப் போகமுடியாமல் கிடந்தபோது அறைச் சுவரில் அதைக் கண்டார் என்பது ஐதிகம். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது கைபேசி. செங்குத்துத் திரையின் விகிதம் 9:16. ஊர்வலம், தேர், கூட்டம் எல்லாம் அகலமானவை, அதில் அடங்காது. நின்ற கோலத்துச் சிலையும் முகமும் தீபமும் கச்சிதமாக அடங்கும். அதனால் ரீல்ஸில் கூட்டம் குறைந்து முகம் பெருகுகிறது. இது நம்பிக்கை மாறிவிட்டதால்தான் என்று எழுதுவதற்கு முன், சட்டத்தின் அளவே காரணமாக இருக்குமா என்று பாருங்கள். ஒலித்துண்டு படத்தை விட்டுப் பிரிந்து தனியாக உலாவுவதும் இங்கே புதிது. ஒலியின் பெயரைத் தொட்டால் அதைப் பயன்படுத்திய வீடியோக்கள் வரிசையாக வரும். முதல் 30-ஐ எடுத்துப் பிரியுங்கள்: எத்தனை வழிபாடு, எத்தனை ஊர்சுற்றல், எத்தனை நகைச்சுவை, எத்தனை விளம்பரம்.

கையும் காலும் என்ன செய்தன?

1975-இல் வந்த 'ஜெய் சந்தோஷி மா' படத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையரங்குக்குள் போனார்கள், திரையை நோக்கிப் பூவும் காசும் எறிந்தார்கள். அதிகம் அறியப்படாதிருந்த அம்மனுக்கு அதன்பின் நாடு முழுக்க விரதம் பரவியது. பேட்டியில் தேட வேண்டியது இந்த மாதிரிச் செயலைத்தான்.

"நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று கேட்டால் நல்ல பிள்ளையாக ஒரு பதில் வரும், உபயோகப்படாது. செய்ததைக் கேளுங்கள். பார்க்கும்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? சாப்பிட்டுக்கொண்டே பார்த்தீர்களா? நடுவில் விளம்பரம் வந்தபோது என்ன செய்தீர்கள்? யாருக்கு அனுப்பினீர்கள், யாருக்கு அனுப்பாமல் விட்டீர்கள்? கடைசியாக ஒன்று: கைபேசியில் இடம் நிறைந்துவிட்டால் இந்தப் படத்தை அழிப்பீர்களா? இந்தக் கேள்விக்கு முன் பலர் ஒரு நிமிடம் தயங்குவார்கள். பழைய காலண்டர் தாளைக் குப்பையில் போட மனம் வராத அதே தயக்கம். அந்த மௌனத்தை அப்படியே "(தயங்குகிறார்)" என்று எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாக ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவருக்கு 20 நிமிடம் போதும். ஒலிப்பதிவுக்கு முன் சம்மதம் கேளுங்கள். பேட்டி முடிந்த பிறகும் ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

கமெண்ட்டை எண்ணும்போது

தளம் தானாகக் காட்டும் வரிசை அதற்குப் பிடித்த வரிசை. 'புதியவை முதலில்' என்று மாற்றிக்கொண்டு 200 எடுங்கள். பெயர்களை அப்போதே நீக்கிவிடுங்கள். யாரை நோக்கிப் பேசுகிறது என்று பார்த்து ஐந்தாகப் பிரியுங்கள்: தெய்வத்திடம் பேசுவது, நடிகரிடமோ பாடகரிடமோ பேசுவது, மற்ற பார்வையாளர்களிடம் பேசுவது, எதிர்ப்பு, மிச்சம். முதல் இரண்டும் சிலவற்றில் கலந்துவிடும், "அம்மா தாயே, என்ன நடிப்பு" என்பதுபோல. அதற்கு ஆறாவது கட்டம் போடுங்கள், பெரும்பாலும் சுவாரசியமானவை அங்கேதான் சேரும்.

வேறொருவரிடம் 50 கமெண்ட்டைக் கொடுத்துத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இருவர் பிரித்ததும் 40-க்குக் குறைவாக ஒத்துப்போனால் உங்கள் வரையறை தளர்ந்திருக்கிறது. திருத்திவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள்.

பார்வை எண்ணிக்கையை பக்தியின் அளவுகோலாக எடுத்துவிடக் கூடாது. காலையில் ஒரு வீட்டில் தினமும் ஓடவிடும் பாட்டு ஒரு மாதத்தில் 30 பார்வையாகப் பதிவாகலாம். ஆட்டோபிளேயில் ஓடியதும் அதற்குள் சேர்ந்திருக்கலாம்.

அனுமதித்தது யார்?

திரையில் இருப்பதெல்லாம் மக்கள் மனதில் இருந்தது என்று எழுதிவிடுவது மிகப் பழைய பிழை. அமெரிக்கத் திரைத்துறை 1930-இல் ஏற்ற தயாரிப்பு விதிகள் எந்த மத நம்பிக்கையையும் கேலி செய்யக் கூடாது, மதகுருக்களைக் கோமாளியாகவோ வில்லனாகவோ காட்டக் கூடாது என்றன. அந்த விதிகளை எழுதியவர்களில் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் ஒருவர். 1934 முதல் கறாராக அமல்படுத்தினார்கள். அந்தக் காலத்துப் படங்களில் பாதிரியார்கள் எல்லோரும் தங்கமானவர்களாக இருப்பதைப் பார்த்து, "அன்றைய மக்கள் குருமார்களை எவ்வளவு மதித்தார்கள்!" என்று எழுதினால், நீங்கள் அளந்தது விதியை, மக்களை அல்ல. உங்கள் காட்சி எந்தத் தணிக்கை விதியின் கீழ், யார் பணத்தில், எந்த நேர ஒதுக்கீட்டில் வந்தது என்று ஒரு பத்தி எழுதாமல் முடிவுரைக்குப் போகாதீர்கள்.

பக்தி ஓட்டாக மாறுகிறது என்ற வாதத்துக்கும் இதே எச்சரிக்கை. இராமாயணத் தொடரில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா 1991-இல் மக்களவைக்குத் தேர்வானார். சரி, பக்திதான் என்பீர்கள். அதே தேர்தலில், அதே கட்சியில், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் ஜெயித்தார்.

எழுதும்போது

"மூலநூலிலிருந்து விலகிவிட்டது" என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எந்த மூலநூல்? சாகரின் தொடரே வால்மீகி, துளசிதாசர், கம்பர் என்று பல இராமாயணங்களுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கியது. "இந்த நூலில் இப்படி, இந்தத் திரையில் இப்படி" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

"மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள்" என்பதும் "இது தூய பக்தி" என்பதும் உங்கள் தரவிலிருந்து வராது. 5 பேட்டியும் 200 கமெண்ட்டும் சொல்லக்கூடியது இந்த அளவுதான்: "பேசியவர்களில் மூவர் பார்க்கும்போது சாப்பிடவில்லை. 200-இல் 118 கமெண்ட் தெய்வத்தை நோக்கி எழுதப்பட்டவை." எண்கள் இங்கே உதாரணத்துக்கு. உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

யாரையாவது புண்படுத்தியதாகச் சர்ச்சையான படம் உங்கள் பொருள் என்றால், அதைக் கட்டுரையில் மறுபடி அச்சிடாமல் என்ன தெரிகிறது என்பதைச் சொற்களால் விவரியுங்கள். பேட்டி கொடுத்தவர்களை 'பார்வையாளர் 1', 'பார்வையாளர் 2' என்று குறிப்பிடுங்கள். ஊரையும் வயதையும் தொழிலையும் சேர்த்து எழுதினால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும், அவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். ஒலிப்பதிவுகளை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஷாட் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த காட்சியை எடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.